எக்ஸ்பாத்தில் உறுப்புகளை எண்ணும்போது வரும் பழுதுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எக்ஸ்எம்எல், எச்டிஎம்எல் ஆவணங்களில் உறுப்புகளைப் பாதை எழுதித் தேடும் மொழி எக்ஸ்பாத். ஓர் எக்ஸ்எம்எல் கோப்பிலோ இணையப் பக்கத்திலோ குறிப்பிட்ட உறுப்பு எத்தனை இருக்கிறது என்று கேட்பதற்கு அதில் ஒரே வரி போதும். அந்த ஒரு வரிதான் தானியங்கிச் சோதனைகளிலும் தரவு மாற்றும் நிரல்களிலும் மீண்டும் மீண்டும் பழுதாகி என் மேசைக்கு வந்து சேர்கிறது. சில நேரம் கண்ணெதிரே நூறு உறுப்புகள் இருக்கச் சுழியம் விடையாக வருகிறது. சில நேரம் எதைக் கொடுத்தாலும் ‘உண்மை’ என்றே வருகிறது. சில நேரம் சரியான எண்ணே வந்தாலும், அது வருவதற்குள் சோதனைக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிடுகிறது. இதுவரை சரிசெய்த பழுதுகளை அறிகுறிப்படி பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் எளிதில் தீரும் காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் ஒரு நூலக அட்டவணையை வைத்து எழுதப்பட்டவை. வேர் உறுப்பு ‘நூலகம்’. அதனுள் ‘அலமாரி’ உறுப்புகள். ஒவ்வோர் அலமாரியிலும் ‘நூல்’ உறுப்புகள். ஒவ்வொரு நூலிலும் ஒன்றோ பலவோ ‘ஆசிரியர்’. நூலின் ‘நிலை’ என்னும் பண்பில் ‘இருப்பு’ அல்லது ‘கடன்’ என்ற மதிப்பு. எக்ஸ்எம்எல்லில் உறுப்புப் பெயர்களைத் தமிழிலேயே வைக்க முடியும் என்பதால் அவற்றை இப்படியே பயன்படுத்தலாம். கவுன்ட், நாட், பூலியன் முதலிய சார்புகளின் பெயர்களையும், ஆன்ட் போன்ற செயலிகளையும், எச்டிஎம்எல் குறிகளின் பெயர்களையும் மட்டும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை உரிய ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

## தொடங்கும் முன்: உங்கள் எந்திரம் எந்தப் பதிப்பு?

எந்திரம் என்பது எக்ஸ்பாத் கோவையை, அதாவது கேள்வி வரியை, ஓட்டி விடை தரும் மென்பொருள். அதன் பதிப்பைக் கேட்காமல் தொடங்கி அரை நாளை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன். எக்ஸ்பாத் 1.0 பதிப்பு 1999இல் வந்தது, 2.0 பதிப்பு 2007இலும் 3.1 பதிப்பு 2017இலும் வந்தன. ஆனாலும் உலாவிகள், லிப்எக்ஸ்எம்எல்2, அதன் மேல் கட்டப்பட்ட பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், ஜாவாவுடன் வரும் உள்ளமை எந்திரம் ஆகியவை இன்றும் 1.0 பதிப்பையே பேசுகின்றன. சாக்சன் போன்றவை பிந்தைய பதிப்புகளைப் பேசுகின்றன. ஐயம் இருந்தால் இந்தக் கோவையை ஓட்டிப் பாருங்கள் (இரட்டைச் சாய்கோடு ‘ஆவணத்தில் எந்த ஆழத்திலும்’ என்று பொருள்படும்):

எக்ஸிஸ்ட்ஸ்(//நூல்)

அறியாத சார்பு என்று பிழை வந்தால் நீங்கள் 1.0 பதிப்பில் இருக்கிறீர்கள். கீழே தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 1.0 பதிப்பையே கருத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன்.

## அறிகுறி 1: உறுப்புகள் இருக்கின்றன, எண்ணிக்கை சுழியம்

முதலில் ஆவணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கவுன்ட்(//*) என்பது ஆவணத்தின் மொத்த உறுப்புகளைத் தரும். அது ஒன்றோ இரண்டோ என்று வந்தால், நீங்கள் எதிர்பார்த்த கோப்புக்குப் பதிலாக ஒரு பிழைப் பக்கமோ வெற்றுப் பதிலோ வந்திருக்கிறது. கோவையைத் திருத்துவதில் பயனில்லை. மொத்த எண்ணிக்கை நியாயமாகத் தோன்றினால், உங்கள் கோவையை வலப்புறத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கழித்துக்கொண்டே வந்து, எந்தத் துண்டை நீக்கியதும் சுழியம் மாறுகிறது என்று பாருங்கள். பழுது அந்தத் துண்டில் இருக்கிறது.

### நீக்கிய துண்டு சதுர அடைப்பிலுள்ள நிபந்தனை என்றால்

மதிப்பின் முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டியிருக்கலாம். [@நிலை = 'கடன்'] (@ பண்பைக் குறிக்கும்) என்பதற்குப் பதிலாக [நார்மலைஸ்-ஸ்பேஸ்(@நிலை) = 'கடன்'] என்று மாற்றியதும் எண் வந்தால் காரணம் அதுவே.

தமிழ்த் தரவுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு முதல் முறை வெகுநேரம் ஆனது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு புள்ளிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எக்ஸ்பாத்தோ குறியீட்டுப் புள்ளிகளை ஒன்றுக்கு ஒன்றாக ஒப்பிடுவதால் இரண்டும் வேறு சொற்கள் என்றே முடிவு செய்யும். ஓ, ஔ வரிசைகளிலும் இதே சிக்கல் வரும். சரிபார்க்க, ஸ்ட்ரிங்-லெங்த் சார்பால் இரு பக்கச் சரங்களின் நீளத்தையும் அளந்து பாருங்கள். நீளம் வேறுபட்டால் தரவை உள்வாங்கும் இடத்திலேயே ஒருங்குறி இயல்பாக்கம் செய்து, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கோவைக்குள் ஒட்டுப்போடுவது வேண்டாம்.

### நீக்கிய துண்டு உறுப்பின் பெயர் என்றால்

ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். அது சரியாக இருந்தும் சுழியம் வந்தால், பத்துக்கு எட்டு முறை குற்றவாளி பெயர்வெளிதான் (ஒரே பெயருள்ள உறுப்புகளைப் பிரித்தறிய அவற்றோடு சேர்க்கும் முகவரி) என்பது என் அனுபவக் கணக்கு. சரிபார்க்க:

நேம்ஸ்பேஸ்-யுஆர்ஐ(/*)

இதற்கு வெற்றுச் சரம் அல்லாத ஏதேனும் ஒரு விடை வந்தால், வேர் உறுப்பு ஒரு பெயர்வெளியைச் சேர்ந்தது; பெரும்பாலும் ஆவணம் ஓர் இயல்புப் பெயர்வெளியை அறிவித்திருக்கும். எக்ஸ்பாத் 1.0 பதிப்பில் முன்னொட்டு இல்லாத //நூல் என்பது ‘எந்தப் பெயர்வெளியிலும் இல்லாத நூல்’ என்றே பொருள்படும். ஆகவே ஆயிரம் நூல்கள் இருந்தாலும் எண்ணிக்கை சுழியம்தான். எஸ்விஜி படங்கள், ஆட்டம் ஓடைகள், எக்ஸ்எச்டிஎம்எல் பக்கங்கள், விரிதாள் கோப்புகளுக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல் ஆகியவற்றில் இது வாடிக்கையாக வரும். உங்கள் நிரலில் அந்தப் பெயர்வெளி முகவரிக்கு ஒரு முன்னொட்டைப் பதிவு செய்து, //அ:நூல் என்று எழுதுவதே சரியான மருந்து. ஆவணத்தில் முன்னொட்டே இல்லையே என்று தயங்க வேண்டாம். முகவரி பொருந்தினால் போதும், முன்னொட்டு உங்கள் விருப்பம்.

பலர் //*[லோக்கல்-நேம்() = 'நூல்'] என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். காரணம் பெயர்வெளிதானா என்று உறுதிசெய்வதற்கு அது நல்ல சோதனை. நிலையான தீர்வாக நான் அதை ஏற்பதில்லை. வேறு பெயர்வெளியைச் சேர்ந்த அதே பெயருள்ள உறுப்புகளையும் அது சேர்த்து எண்ணும். மேலும் ஆவணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பெயரைக் கேட்பதால் வேகமும் குறையக்கூடும். ஜாவாவில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஆவணத்தைக் கட்டும் தொழிற்சாலை வகுப்பு இயல்பாகப் பெயர்வெளியை அறியாத நிலையில்தான் இருக்கும். அதை இயக்காமல் முன்னொட்டை மட்டும் பதிவு செய்தால் சுழியம் அப்படியே நீடிக்கும்.

### உலாவியில் எண் வருகிறது, நிரலில் சுழியம் வருகிறது

அட்டவணைகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். மூல எச்டிஎம்எல்லில் டேபிளுக்குள் நேரடியாக டிஆர் இருந்தாலும், உலாவி இடையில் டிபாடி என்ற உறுப்பைத் தானே செருகிக்கொள்கிறது. உலாவியின் டெவலப்பர் கருவியிலிருந்து நகலெடுத்த பாதையில் டிபாடி இருக்கும். எல்எக்ஸ்எம்எல் கொண்டு மூலத்தைப் படித்தால் அங்கே டிபாடி இருக்காது. டேபிளுக்கும் டிஆருக்கும் இடையே இரட்டைச் சாய்கோட்டை இட்டால் இரண்டு இடத்திலும் வேலை செய்யும்; ஒரே எச்சரிக்கை, அட்டவணைக்குள் அட்டவணை இருந்தால் உள்வரிசைகளும் சேர்ந்து எண்ணப்படும்.

டிபாடி காரணம் இல்லையென்றால், அந்த உறுப்புகளைப் பக்கம் ஏறிய பிறகு ஜாவாஸ்கிரிப்ட் உருவாக்குகிறது. மூலத்தில் அவை இல்லவே இல்லை. உலாவியை இயக்கும் சோதனைகளில் இதே காரணம் வேறு வேடத்தில் வரும்: ஒரு முறை 0, அடுத்த முறை 12, அதற்கடுத்து 20. இங்கே கோவையில் குறை இல்லை, கேட்ட நேரம்தான் தவறு. குறிப்பிட்ட வினாடிகள் தூங்கவைப்பதைவிட, எதிர்பார்க்கும் கடைசி உறுப்பு தோன்றும்வரை காத்திருக்கும் நிபந்தனையை வையுங்கள்.

### இவை எதுவும் இல்லை, இன்னும் சுழியம்

உறுப்பு ஐஃபிரேமுக்குள், அதாவது பக்கத்தினுள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள், இருந்தால் அது வேறு ஆவணம். முதலில் அந்தச் சட்டகத்துக்கு மாறிய பிறகே எண்ண வேண்டும். நிழல் மரத்துக்குள் (பக்கத்தின் ஒரு கூறு தனக்கென ஒதுக்கிவைக்கும் தனி உறுப்பு மரம்) இருந்தால் ஆவணத்திலிருந்து தொடங்கும் எக்ஸ்பாத் உள்ளே நுழையாது; அந்த நிழல் வேரைப் பிடித்து அதற்குள் சிஎஸ்எஸ் தேர்வியால் எண்ணுங்கள். நிழல் மரம் மூடிய வகையாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, பக்கத்தை உருவாக்கியவரிடம் சோதனைக்கென ஓர் எண்ணிக்கைப் பண்பை வெளியே வைத்துத் தரும்படி கேளுங்கள். அவருக்குப் பத்து நிமிட வேலை.

## அறிகுறி 2: எண்ணிக்கை அதிகமாக வருகிறது

### ஒவ்வோர் அலமாரிக்கும் ஒரே எண், அதுவும் மொத்த எண்

இந்த அறிகுறியைப் பார்த்ததும் வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை. அலமாரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த அலமாரியிலிருந்து //நூல் என்று கேட்டிருப்பீர்கள். சாய்கோட்டில் தொடங்கும் கோவை, நீங்கள் எந்த உறுப்பின் மேல் நின்று கேட்டாலும் ஆவணத்தின் வேருக்குச் சென்றுவிடும். முன்னால் ஒரு புள்ளி வைத்து .//நூல் என்று எழுதுங்கள். நூல்கள் நேரடிச் சேய்களாக இருந்தால் வெறும் ‘நூல்’ என்பதே போதும், வேகமும் அதிகம்.

நிபந்தனைக்குள்ளும் இதே தவறு ஒளிந்துகொள்ளும். //அலமாரி[//ஆசிரியர்] என்பது, ஆவணத்தில் எங்காவது ஓர் ஆசிரியர் இருந்தாலே எல்லா அலமாரிகளையும் எண்ணிவிடும்.

### எண் சற்றே அதிகம்

எச்டிஎம்எல் பக்கங்களில் முதல் ஐயம் கன்டெயின்ஸ்(@கிளாஸ், 'நூல்') மீது விழ வேண்டும். இது ‘நூல்-தலைப்பு’, ‘நூல்-படம்’ என்ற வகுப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும். முழுச் சொல்லை மட்டும் பிடிக்க, இரு பக்கமும் வெற்றிடம் சேர்த்து ஒப்பிட வேண்டும்:

//டிவ்[கன்டெயின்ஸ்(கன்கேட்(' ', நார்மலைஸ்-ஸ்பேஸ்(@கிளாஸ்), ' '), ' நூல் ')]

அழகான கோவை அல்ல; ஆனால் 1.0 பதிப்பில் இதைவிட நம்பகமான வழி இல்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கப்பட்ட உறுப்புகள். எக்ஸ்பாத்துக்கு ஆவணத்தின் உறுப்பு மரம்தான் தெரியும், திரை தெரியாது. கைபேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாக இரண்டு பட்டியல்களை வைத்து ஒன்றை மறைக்கும் பக்கங்களில் எண்ணிக்கை அப்படியே இரட்டிக்கும். திரையில் தெரிபவற்றை மட்டுமே எண்ண வேண்டுமென்றால் உறுப்புகளைப் பெற்று நிரலில் வடிகட்டுங்கள், அல்லது கோவையை உரிய பட்டியலின் தாய் உறுப்புக்குள் அடக்குங்கள்.

ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய உறுப்புகளிலும் கவனம் தேவை. கவுன்ட்(//பிரிவு//பத்தி) என்ற ஒரே கோவையில் எந்தப் பத்தியும் இருமுறை எண்ணப்படாது, ஏனெனில் பாதைக் கோவை நகல்களை நீக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு பிரிவாக மடக்கில் எடுத்து .//பத்தி என்று எண்ணிக் கூட்டினால், உட்பிரிவில் உள்ள பத்தி தன் ஒவ்வொரு மூதாதைப் பிரிவுக்கும் ஒரு முறை எண்ணப்படும்.

### எண் ஏறத்தாழ இரண்டு மடங்கும் ஒன்றும்

கவுன்ட்(நோட்()) என்று எழுதியிருப்பீர்கள். வரி முறிவுகளுடன் எழுதப்பட்ட கோப்பில் ஐந்து சேய் உறுப்புகளுக்கு முன்னும் பின்னும் இடையிலும் ஆறு வெற்றிட உரைக் கணுக்கள் இருக்கும். மொத்தம் 11 வரும். கவுன்ட்(*) என்று மாற்றுங்கள்.

### ‘அல்லாத’ நிபந்தனையில் எண் பொருந்தவில்லை

//நூல்[ஆசிரியர் != 'அறியாதவர்'] என்பது ‘அறியாதவர் அல்லாத ஏதேனும் ஓர் ஆசிரியராவது உள்ள நூல்’ என்று பொருள்படும். கூட்டாக எழுதிய நூலில் ஒருவர் ‘அறியாதவர்’ ஆனாலும் அது எண்ணில் சேரும். ஆசிரியர் உறுப்பே இல்லாத நூல் விடுபடும். நீங்கள் கேட்க நினைத்தது பெரும்பாலும் //நூல்[நாட்(ஆசிரியர் = 'அறியாதவர்')] என்பதாகவே இருக்கும்.

## அறிகுறி 3: ‘குறைந்தது இரண்டு இருக்கிறதா’ என்றால் தவறான விடை

மூன்று அலமாரிகளில் தலா ஒரு நூல் இருக்கிறது. //நூல்[2] என்று கேட்டால் எதுவும் வராது. ஐந்து, ஒன்று, நான்கு என நூல்கள் இருந்தால் அதே கோவைக்கு இரண்டு நூல்கள் வரும். காரணம், சதுர அடைப்பு இரட்டைச் சாய்கோட்டைவிட இறுக்கமாகப் பிணைகிறது. ஆகவே ‘தன் தாய்க்கு இரண்டாவதாக உள்ள ஒவ்வொரு நூலும்’ என்றாகிவிடுகிறது. ஆவணம் முழுவதற்கும் இரண்டாவது வேண்டுமென்றால் வளைவு அடைப்பு கட்டாயம்:

(//நூல்)[2]

இந்த ஒரு சோடி அடைப்புக்குறி இல்லாததால் மாதக்கணக்கில் ‘வெற்றி’ என்றே காட்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு சோதனையை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாள்வரை தரவில் எப்போதும் ஒரே அலமாரி இருந்ததுதான் அது பிடிபடாமல் தப்பித்ததற்குக் காரணம்.

## அறிகுறி 4: எதைக் கேட்டாலும் ‘உண்மை’, அல்லது எப்போதும் 1

எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தளத்தின் எக்ஸிஸ்ட் முறைக்குள் கவுன்ட்(//நூல்) > 0 என்று எழுதினால் நூலே இல்லாத ஆவணத்துக்கும் 1 வரும். அந்த முறை ‘விடை உண்மையா’ என்று பார்ப்பதில்லை, ‘விடை என்று ஏதேனும் வந்ததா’ என்றே பார்க்கிறது. பொய் என்ற பூலியன் (உண்மை அல்லது பொய்) மதிப்பும் அதற்கு ஒரு விடைதான். உள்ளே வெறும் //நூல் என்று மட்டும் கொடுங்கள்.

2.0 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் அடைப்புக்குறி இடம் மாறினால் இதே அறிகுறி தோன்றும். கவுன்ட்(//நூல்/@நிலை = 'கடன்') என்பதில் சமக்குறி அடைப்புக்கு உள்ளே விழுந்துவிட்டது; ஒப்பீட்டின் விடையாக வரும் ஒற்றைப் பூலியன் மதிப்பைத்தான் கவுன்ட் எண்ணுகிறது, ஆகவே எப்போதும் 1. பழைய 1.0 எந்திரம் இதைப் பிழை என்று சொல்லித் தடுத்துவிடும். புதியது வாய் திறக்காது. சரியான வடிவம் கவுன்ட்(//நூல்[@நிலை = 'கடன்']).

‘எப்போதும் உண்மை’க்கு நேர்மாறாக, காரணமின்றிச் சில நூல்கள் மட்டும் வந்தால் நிபந்தனைக்குள் வெறும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். //நூல்[கவுன்ட்(ஆசிரியர்)] என்று எழுதியவர் ‘ஆசிரியர் உள்ள நூல்’ என்று நினைத்து எழுதியிருப்பார். எந்திரமோ அந்த எண்ணை இருப்பிட எண்ணாகக் கொண்டு, முதலிடத்தில் உள்ள ஓராசிரியர் நூல், இரண்டாம் இடத்தில் உள்ள ஈராசிரியர் நூல் என்று பொறுக்கித் தரும். //நூல்[ஆசிரியர்] என்று எழுதினால் போதும்.

## அறிகுறி 5: எண்ணுக்குப் பதில் பிழைச்செய்தி

உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவியான செலினியத்தின் உறுப்பு தேடும் கட்டளைகள் உறுப்புகளை மட்டுமே ஏற்கும், கவுன்ட்(...) எண்ணைத் தருவதால் தேர்வி செல்லாது என்று மறுத்துவிடும். பிஎச்பியில் கியூரி என்ற முறைக்குக் கவுன்ட் கோவையைக் கொடுத்தால் வெற்றுப் பட்டியல் திரும்பும். அங்கே எவால்யுவேட் என்ற முறையை அழைக்க வேண்டும். உலாவியில் டாக்குமென்ட் எவால்யுவேட் முறைக்கு எண் வகை விடையைக் கேட்டு எண் மதிப்பைப் படியுங்கள்; கணுத்தொகுப்பின் நீளத்தைப் படிக்க முயன்றால் பிழை எறியும்.

பைத்தானில் 3 என்று எதிர்பார்த்த இடத்தில் 3.0 வருவது பிழை அல்ல. எக்ஸ்பாத் 1.0 பதிப்பில் முழு எண் என்ற வகையே இல்லை, எல்லாம் மிதவை எண்கள்தான். முழு எண்ணாக மாற்றிக்கொண்டு நகருங்கள்.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கோப்பில் நிபந்தனையில் < குறியை நேரடியாக எழுதினால் கோப்பே பகுக்கப்படாது. தப்புவிப்புக் குறியீடு எழுதப் பிடிக்காவிட்டால் இரு பக்கத்தையும் மாற்றி, 5 > கவுன்ட்(நூல்) என்று எழுதிவிடலாம். > குறிக்கு அந்தத் தடை இல்லை.

## அறிகுறி 6: விடை சரி, ஆனால் காத்திருக்க முடியவில்லை

கோவையைத் தொடும் முன் மூன்று நேரங்களை அளந்து எழுதிவையுங்கள்: ஆவணத்தைப் பகுக்க (படித்து உறுப்பு மரமாகக் கட்ட) ஆகும் நேரம், கவுன்ட்(//*) ஓட ஆகும் நேரம், உங்கள் கோவை ஓட ஆகும் நேரம். பகுப்பதே பெரும்பகுதி நேரத்தை விழுங்குகிறது என்றால் கீழே உள்ளவற்றில் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒன்று என்றால் கோவையில் சுரண்டி எடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. மூன்றாவது மட்டும் பல மடங்கு என்றால், வரிசையாக வாருங்கள்.

### எண்ணே தேவைப்படாத இடத்தில் எண்ணுகிறீர்கள்

நான் பார்க்கும் கவுன்ட் கோவைகளில் பாதிக்கு மேல் எண்ணை யாரும் பயன்படுத்துவதில்லை. சுழியத்தோடோ ஒன்றோடோ ஒப்பிட்டுவிட்டு எறிந்துவிடுகிறார்கள். இருக்கிறதா என்று மட்டும் கேட்பதானால் கவுன்ட்(//நூல்) > 0 வேண்டாம். பூலியன்(//நூல்) போதும், நிபந்தனைக்குள் என்றால் அந்தப் பூலியன்கூட வேண்டாம். இல்லையா என்று கேட்க நாட்(//நூல்). பிந்தைய பதிப்புகளில் எக்ஸிஸ்ட்ஸ், எம்ப்டி என்ற சார்புகள் அதே வேலையைப் படிக்க எளிதாகச் செய்கின்றன. முதல் நூலைக் கண்டதும் நின்றுவிடும் வாய்ப்பை இந்த வடிவங்கள் எந்திரத்துக்குத் தருகின்றன. கவுன்ட்டோ கடைசி நூல்வரை போயே தீர வேண்டும். சாக்சன் போன்ற எந்திரங்கள் சுழியத்தோடான ஒப்பீட்டைத் தாமாகவே இப்படி மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றிடமும் அந்த அறிவை எதிர்பார்க்கக் கூடாது.

குறைந்தது ஐந்து என்றால் பூலியன்((//நூல்)[5]). சரியாக ஐந்து என்றால்:

பூலியன்((//நூல்)[5]) ஆன்ட் நாட்((//நூல்)[6])

ஒவ்வொரு நூலுக்குள்ளும் பார்ப்பதற்கு இது இன்னும் எளிது: நான்கு ஆசிரியர்களாவது உள்ள நூல்கள் //நூல்[ஆசிரியர்[4]]. ஆசிரியர்கள் நேரடிச் சேய்கள் என்பதால் அறிகுறி 3இல் சொன்ன அடைப்புக்குறிச் சிக்கல் இங்கே இல்லை. இருப்பிட எண் வந்ததும் எல்லா எந்திரங்களும் நின்றுவிடுவதில்லை என்பதால், மாற்றிய பின் அளந்து பார்த்து, வேகம் கூடவில்லையென்றால் படிக்க எளிதான கவுன்ட் வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து உறுப்புகள் உள்ள ஆவணத்தில் இந்தச் சாமர்த்தியம் எதற்கும் உதவாது.

### ஆவணம் முழுவதும் அலைகிறீர்கள்

நூல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருந்தால் //நூல் என்பதை /நூலகம்/அலமாரி/நூல் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு நூலுக்குள்ளும் அத்தியாயம், பத்தி என்று ஆழமான மரம் இருந்தால் இந்த ஒரு மாற்றமே பெரிய வேறுபாட்டைத் தரும், ஏனெனில் எந்திரம் நூலுக்குள் இறங்கவே வேண்டியதில்லை. பல நிபந்தனைகள் இருந்தால் பண்பை ஒப்பிடும் மலிவான நிபந்தனையை முதலிலும், உள்ளே தேடும் செலவான நிபந்தனையை அடுத்தும் வையுங்கள். இருப்பிட எண் உள்ள நிபந்தனையை மட்டும் இடம் மாற்றாதீர்கள், விடையே மாறிவிடும்.

### ஒரே எண்ணை ஆயிரம் முறை எண்ணுகிறீர்கள்

//அலமாரி[கவுன்ட்(நூல்) * 10 > கவுன்ட்(//நூல்)] என்ற கோவை, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நூல்கள் உள்ள அலமாரியைத் தேடுகிறது. வலப்புறத்தில் உள்ள மொத்தத்தை ஒவ்வோர் அலமாரிக்கும் எந்திரம் புதிதாக எண்ணக்கூடும். மொத்தத்தை ஒரு முறை எண்ணி மாறியில் வைத்து, கோவைக்குள் அந்த மாறியைப் பயன்படுத்துங்கள். 1.0 பதிப்பில் கோவைக்குள்ளேயே மாறியை உருவாக்க முடியாது. எல்எக்ஸ்எம்எல், எக்ஸ்எஸ்எல்டி இரண்டும் வெளியிலிருந்து மாறியைத் தர இடம் கொடுக்கின்றன.

### முன்னால் உள்ளவற்றை ஒவ்வோர் உறுப்பும் எண்ணுகிறது

கோப்பு இரண்டு மடங்கானதும் நேரம் நான்கு மடங்காகிறதா? கோவையில் கவுன்ட்(பிரிசீடிங்-சிப்ளிங்::நூல்) இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை எண் இடுவதற்காக இதை எழுதியிருப்பார்கள். ஒரே தாயின் கீழ் 10,000 நூல்கள் இருந்தால், முதல் நூல் யாரையும் எண்ணாது, கடைசி நூல் 9,999 பேரை எண்ணும்; மொத்தம் 4,99,95,000 முறை உறுப்புகள் தொடப்படும். வரிசை எண் மட்டும் வேண்டுமென்றால் பொசிஷன்() சார்பையோ நிரலில் ஓர் எண்ணியையோ பயன்படுத்துங்கள்.

தனித்த மதிப்புகளை எண்ணும் கோவைகளில் இதே நோய் இன்னும் கடுமையாக இருக்கும்:

கவுன்ட்(//ஆசிரியர்[நாட்(. = பிரிசீடிங்::ஆசிரியர்)])

இது ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆவணத்தின் தொடக்கம்வரை திரும்பிப் போகிறது. 2.0 பதிப்பு கையில் இருந்தால் கவுன்ட்(டிஸ்டிங்ட்-வேல்யூஸ்(//ஆசிரியர்)) என்று எழுதிவிடலாம். எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பில் விசை அறிவித்துச் செய்யும் மியூன்கியன் தொகுப்பு முறை இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் எல்லா மதிப்புகளையும் எடுத்து நிரல்மொழியில் நகல்களை ஏற்காத கணம் என்ற தொகுப்பில் போட்டு அதன் அளவைப் பாருங்கள். எக்ஸ்பாத்துக்குள்ளேயே தீர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்த இடத்தில் நேரத்தைத்தான் தின்னும்.

### உலாவிச் சோதனையில் மட்டும் மெதுவாக இருக்கிறது

செலினியத்தில் உறுப்புகளின் பட்டியலைப் பெற்று நீளத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், ஒவ்வோர் உறுப்புக்கும் அதைச் சுட்டும் ஓர் அடையாளம் உருவாகி உலாவியிலிருந்து உங்கள் நிரலுக்குப் பயணிக்கிறது. சில ஆயிரம் உறுப்புகள் உள்ள பக்கத்தில் இது நன்றாகவே உறைக்கும். உலாவிக்குள்ளேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, அங்கே கவுன்ட் கோவையை மதிப்பிட்டு, ஒரே ஓர் எண்ணை மட்டும் வெளியே எடுத்து வாருங்கள். அறிகுறி 5இல் சொன்ன பிழைச்செய்திக்கும் இதுவே மாற்றுவழி.

கோவையை முன்கூட்டியே தொகுத்து வைப்பதும் சிலரின் முதல் யோசனையாக இருக்கிறது. எல்எக்ஸ்எம்எல்லிலும் ஜாவாவிலும் அதற்கு வசதி உண்டு. ஒரே கோவையை ஆயிரக்கணக்கான சிறு ஆவணங்களில் ஓட்டும்போது பயன்படும், ஒரு பெரிய ஆவணத்தில் ஒரு முறை ஓட்டும்போது அதனால் எதுவும் மாறாது.

### பகுப்பதே தாமதம், அல்லது நினைவகம் நிரம்பிவிடுகிறது

மரம் முழுவதையும் நினைவகத்தில் கட்டிய பிறகே எக்ஸ்பாத் வேலை செய்வதால், கோவையை எவ்வளவு செதுக்கினாலும் இந்தச் செலவு குறையாது. எண்ண வேண்டியது எளிய பெயர் என்றால் ஓடை வழியாகப் படியுங்கள்: எல்எக்ஸ்எம்எல்லின் இட்டர்பார்ஸ், ஜாவாவின் ஸ்டாக்ஸ் ஆகியவை உறுப்பு ஒன்று முடிந்ததும் தெரிவிக்கும், எண்ணியை ஒன்று கூட்டிக்கொண்டே போகலாம். இட்டர்பார்ஸில் எண்ணிய உறுப்பை அவ்வப்போது காலி செய்யவும் வேண்டும்; மறந்தால் மரம் மெல்ல மெல்ல முழுதாக வளர்ந்து, விட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

சிக்கலான நிபந்தனையோடு பெரிய கோப்பில் எண்ண வேண்டியிருந்தால் எக்ஸ்எஸ்எல்டி 3.0 பதிப்பின் ஓடை முறை இருக்கிறது. சாக்சனில் அது கட்டணப் பதிப்பில் மட்டும் கிடைக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் அதில் தேர்ந்த ஒருவரிடம் உங்கள் கோவை ஓடை முறைக்கு உட்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் பின்னோக்கிப் பார்க்கும் கோவைகள் பலவும் உட்படாது. தரவு ஏற்கெனவே தரவுத்தளத்தின் எக்ஸ்எம்எல் நெடுவரிசையில் இருந்தால், அந்த நெடுவரிசைக்கு எக்ஸ்எம்எல் அட்டவணைச்சுட்டி இருக்கிறதா என்று தரவுத்தள நிர்வாகியிடம் கேளுங்கள். நீங்களே உருவாக்க முனைய வேண்டாம், அது வட்டில் எடுக்கும் இடமும் எழுதும் வேகத்தில் ஏற்படுத்தும் இழுவையும் அவர் எடைபோட வேண்டியவை.

இருவரில் யாரிடம் போனாலும், எந்திரத்தின் பெயரும் பதிப்பும், தொடக்கத்தில் அளந்த மூன்று நேரங்களும், இரகசியத் தகவல் நீக்கிய ஒரு மாதிரிக் கோப்பும், மெதுவாக ஓடும் கோவையின் முழு வடிவமும் கையில் இருக்கட்டும். மாதிரிக் கோப்பில் உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடாமல், மதிப்புகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.